கிழக்கே பார்க்கும் கூத்தாடியும் மேற்கே பார்க்கும் கூலிக்காரனும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது நம் ஊர்ப் பழமொழி. காட்டு வேலைக்குப் போனவன் பொழுது எப்போது சாயும் என்று மேற்கே பார்க்கிறான். விடிய விடிய மேடையில் நிற்பவன் பொழுது எப்போது வெளுக்கும் என்று கிழக்கே பார்க்கிறான். திசைதான் வேறு, தேடுகிற சூரியன் ஒன்றுதான். பொழுது முடிந்தால்தான் இருவர் கைக்கும் காசு வரும்.

இந்தப் பழமொழியைக் கட்டியவன் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவனாக இருக்க மாட்டான். உழைத்துப் பார்த்தவன். கூத்தாடியும் கூலிக்காரனும் ஒரே ஜாதி, உழைப்பாளி ஜாதி என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். ஆனால் இன்று கிராமத்தில் நடப்பது என்ன?

தை, மாசியில் கருது வீடு சேருகிறது. பருத்தியும் மல்லியும் மிளகாயும் விற்றுக் கையில் நாலு காசு புரளும்போது பங்குனி பிறக்கிறது. எம்.ரெட்டியபட்டி தொடங்கித் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் பொங்கல் சாட்டுகிறார்கள். தலைக்கட்டு வரி விழுகிறது. பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் தொழிலாளியும், சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலாளியும், களையெடுக்கப் போகும் பெண்ணும் அந்த வரியைக் கொடுக்கிறார்கள். விழாக் கமிட்டி கூடுகிறது. பந்தலுக்கு இவ்வளவு, மைக்செட்டுக்கு இவ்வளவு, வாணவேடிக்கைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். வெடிக்கடையில் சொன்ன விலையை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

கடைசியில் நாடகக்காரர் முறை வருகிறது. அங்கேதான் பேரம் ஆரம்பமாகிறது.

"ஒரு ராத்திரி பாடுவதற்கு இவ்வளவு பணமா?"

"சாமி காரியமப்பா, பார்த்துக் கேள்."

"போன வருஷம் வந்தவர் பாதிக்கே வந்தாரே!"

பேச்சு படியவில்லை என்றால், "சரி, யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள். பங்குனி போய்ச் சித்திரையும் வந்துவிடுகிறது. சொல்லி அனுப்பிய ஆள் மட்டும் வருவதில்லை. வீட்டில் கலைஞர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். "நம் குரல் கெட்டுவிட்டதோ? நமக்கு வயதாகிவிட்டதோ? நம் தொழிலே செத்துவிட்டதோ?" என்று மனம் உடைகிறார்.

தோழர்களே! அந்த மனமுறிவு ஒரு தனி மனிதனின் விதி என்று நாங்கள் நம்பவில்லை. அது ஒரு கூலிப் பிரச்னை. கூலிப் பிரச்னைக்கு என்ன மருந்தோ, அதுதான் இதற்கும் மருந்து.

மாதச் சம்பளம் போய் ராத்திரிக் கூலி வந்த கதை

நம் கிராமங்களுக்கு வரும் நாடகத்துக்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். அது என்ன ஸ்பெஷல்? ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, தனித்தனியாகக் கூலி பேசி, ஒரே மேடையில் ஏற்றுவதுதான் ஸ்பெஷல். ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் பல சமயம் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஆனாலும் விடிய விடிய நாடகம் பிசகாமல் நடக்கிறது. காரணம், எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருக்கிறது. "வள்ளி திருமணம்", "பவளக்கொடி" முதலிய அந்தப் பாடங்களை அமைத்துத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-ல் மறைந்தவர். அவரும் நம் மாதிரி வானம் பார்த்த பூமிக்காரர்தான்.

அவர் காலத்தில் நாடகக் கம்பெனிகள் இருந்தன. 1918-ல் மதுரையில் அவரே ஒரு பாலர் சபையை நடத்தினார். கம்பெனியில் சோறு உண்டு, மாதச் சம்பளம் உண்டு. கூடவே அடியும் உதையும் முதலாளியின் அதிகாரமும் உண்டு. சினிமா வந்தது. கம்பெனிகள் கலைந்தன. நடிகர் தனி ஆளாக நின்றார். முதலாளியின் கெடுபிடி ஒழிந்தது. மாதச் சம்பளமும் சேர்ந்து ஒழிந்தது!

இன்று உடுப்பு அவர் செலவு. அரிதாரம் அவர் செலவு. பஸ் சார்ஜ் பல இடங்களில் அவர் செலவு. காய்ச்சல் வந்தால் அவர் பாடு. கரகாட்டக்காரர், நையாண்டி மேளக்காரர், தப்புக் கலைஞர் எல்லோருக்கும் இதே கதைதான். முன்பு நம் ஊர்க் கடைகளுக்கும் மேடைகளுக்கும் எழுத்தும் படமும் தீட்டிக் கொடுத்த போர்டு ஆர்ட்டிஸ்டுகளுக்கு, பிளெக்ஸ் அச்சு வந்த பிறகு நேர்ந்ததும் இதுதான்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறோம். ஒரு நடிகர் ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டு கமிஷன் 300. போக்குவரத்து 400. அரிதாரம், உடுப்புச் சலவை 200. மிச்சம் 2,100. வருஷத்தில் 60 ராத்திரி மேடை கிடைத்தால் மொத்தம் 1,26,000 ரூபாய். அதை 365 நாளுக்குப் பிரித்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 345 ரூபாய்! "ஒரு ராத்திரிக்கு மூவாயிரமா!" என்று வாயைப் பிளக்கிறவர்கள் இந்த 345-ஐப் பார்க்க வேண்டாமா? புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நாடகப் பேச்சே இல்லாத மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரிகிறது என்று கேட்க வேண்டாமா?

மூன்று பொய்கள்

கலைஞன் கூலி கேட்டால் அவன் வாயை அடைக்க மூன்று வாதங்கள் தயாராக இருக்கின்றன.

முதல் வாதம்: "கலை தெய்வத் தொண்டு. அதற்கு விலை பேசலாமா?" நல்லது. பந்தல் போட்டதும் அதே தெய்வத்துக்குத்தானே? ஜெனரேட்டர் ஓடியதும் அதே தெய்வத்துக்குத்தானே? அவர்களிடம் தொண்டு கேட்டீர்களா? தொண்டு என்பது கலைஞனிடம் மட்டும் கேட்கப்படுகிறது என்றால், அது பக்தி அல்ல, சுரண்டல். தப்படித்த மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இதே வாதத்தைத்தான் சொன்னார்கள். சாவுக்கும் கோவிலுக்கும் அடிப்பது "உன் கடமை" என்றார்கள். "அடிக்க மாட்டோம்" என்று அந்த மக்கள் பல ஊர்களில் மறுத்து நின்று, அடிபட்டு, மிதிபட்டுத்தான் தப்புக்கும் பேசிய கூலி என்ற நிலைமையைக் கொண்டு வந்தார்கள். "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமல்ல.

இரண்டாவது வாதம்: "திறமை இருந்தால் வாய்ப்பு தானாக வரும்." அப்படியானால் வேலை இல்லாதவனெல்லாம் திறமை இல்லாதவனா? பஞ்சாலை வாசலில் பதிலித் தொழிலாளியாக நின்றவர்களைக் கேட்கிறோம். ஷிப்டு சங்கு ஊதியது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்று ஆள் போதும்" என்று கேட்டைச் சாத்தினார். வீடு திரும்பிய உங்களுக்கு இழை பிணைக்கத் தெரியாமலா போயிற்று? நேற்று ஓடிய விரல்கள் இன்று மரத்தா போயின? இல்லை. உள்ளே ஆள் கணக்கு நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். கேட்டுக்கு வெளியே நிற்பவனின் கைத்திறமைக்கும் உள்ளே எத்தனை பேர் வேண்டும் என்ற முதலாளியின் கணக்குக்கும் சம்பந்தமில்லை. கலைஞனுக்கும் இதே நியாயம்தான்.

மூன்றாவது வாதம்தான் மிகவும் நயவஞ்சகமானது: "இந்தத் தடவை சும்மா வந்து ஆடு. நாலு பேர் பார்ப்பார்கள். பேர் வரும். அப்புறம் வாய்ப்பு குவியும்." சும்மா ஆடியவனுக்கு என்ன பேர் வருகிறது தெரியுமா? "சும்மா ஆடுகிறவன்" என்ற பேர்தான் வருகிறது! அடுத்த ஊர்க்காரர் அதே பேரைச் சொல்லித்தான் அழைக்கிறார். அவன் மட்டுமா கெட்டான்? அவனைக் காட்டி இன்னும் பத்துப் பேர் கூலியை வெட்டுகிறார்கள். அறுவடைக் காலத்தில் ஒருவன் குறைந்த கூலிக்கு இறங்கினால் தெருவே என்ன கதிக்கு ஆளாகும் என்பது விவசாயத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுப்பு எங்கிருந்து பிறக்கிறது?

"வேண்டாம்" என்று ஒரு ஊர் சொன்னால், அந்த "வேண்டாம்" எங்கிருந்து பிறந்தது என்று ஆராய வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

சில "வேண்டாம்" மேகத்திலிருந்து பிறக்கிறது. ஐப்பசி மழை பொய்த்தால் தையில் கருது இல்லை. கருது இல்லையென்றால் பங்குனியில் வரி விழாது. வரி இல்லையென்றால் நாடகம் ஏது? அந்த வருஷம் கலைஞன் கேட்கும் மறுப்பும், விவசாயத் தொழிலாளி கேட்கும் "வேலை இல்லை போ" என்ற சொல்லும் ஒரே காய்ந்த கண்மாயில் முளைத்தவை. இங்கே கலைஞன் தன்னையே நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. வேறு பக்கம் வேலை தேட வேண்டும்.

சில "வேண்டாம்" சர்க்காரிடமிருந்து வருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சரியாகப் பங்குனி, சித்திரைப் பருவம்! அச்சாரம் வாங்கியிருந்த நாடகங்கள் நின்றுபோயின. 2021-லும் அதே பருவத்தில் கட்டுப்பாடுகள் திரும்பி வந்தன. நோய் தடுக்கக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் இரண்டு பருவம் பறிபோன கலைஞனுக்கு என்ன கிடைத்தது? 2020-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருந்தவர்களுக்கு ஆயிரம், பிறகு இன்னொரு ஆயிரம். ஒரு பருவத்துக்கு விலை இரண்டாயிரம்!

சில "வேண்டாம்" ரசனை மாறியதால் வருகிறது. "இளவட்டங்கள் ஆடல் பாடல் கேட்கிறார்கள்" என்கிறார்கள். இதில் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆடல் பாடல் மேடையில் ஆடும் பெண்ணும் ராத்திரிக் கூலிக்காரிதான். நாடகக்காரர் அவளைத் திட்டுவதும் அவள் நாடகக்காரரைக் கேலி செய்வதும், பஞ்சாலையில் நிரந்தரத் தொழிலாளியும் பதிலியும் ஒருவரையொருவர் முறைப்பதைப் போன்றது. லாபம் இருவருக்கும் இல்லை.

இன்னொரு "வேண்டாம்" இருக்கிறது. அது ஜாதியிலிருந்து பிறப்பது. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தாஸ் கேட்ட மறுப்பு

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் விசுவநாததாஸ். ஸ்பெஷல் நாடக மேடையில் பெரும் புகழ் பெற்ற ராஜபார்ட். அவர் குரலைக் கேட்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். புராண நாடகத்துக்குள்ளேயே தேச விடுதலைப் பாட்டை நுழைத்துப் பாடி, வெள்ளைக்காரப் போலீஸ் பலமுறை கைது செய்தும் அடங்காதவர்.

இவ்வளவு பெரிய கலைஞருக்கும் மறுப்பு வந்தது. யாரிடமிருந்து? ஜனங்களிடமிருந்து அல்ல. கூட நடிக்க வேண்டியவர்களிடமிருந்து வந்தது! அவர் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். அந்த ஒரு காரணத்துக்காக அவருக்கு ஜோடியாக மேடையேற நடிகைகள் பலர் மறுத்தார்கள். "திறமை இருந்தால் வாய்ப்பு தானாக வரும்" என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லப் போகிறார்கள்? தாஸிடம் திறமையா இல்லை?

அந்த மறுப்பு எப்படி உடைந்தது? தாஸ் இன்னும் உருக்கமாகப் பாடியதால் உடையவில்லை. "நான் நடிக்கிறேன்" என்று இன்னொரு கலைஞர் பக்கத்தில் வந்து நின்றதால் உடைந்தது. அப்படி நின்றவர்களில் ஒருவர், 1917-ல் பிறந்த மதுரை கே.பி.ஜானகியம்மாள். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாடிப் பிழைத்து, கதாநாயகியாக உயர்ந்தவர். மற்றவர்கள் விலகிய மேடையில் தாஸுக்கு ஜோடியாக ஏறினார். பிறகு விடுதலைப் போரிலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் சேர்ந்து சிறை சென்றார், மேடையில் சம்பாதித்த நகைகளை இயக்கத்துக்காக விற்றார், 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரானார், 1992-ல் மறைந்தார்.

தாஸ் 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் "வள்ளி திருமணம்" நாடகத்தில் முருகன் வேஷத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் விட்டார். இதைச் சொல்லி மெய்சிலிர்க்கிறவர்கள் பலர். ஆனால் அவ்வளவு புகழ் பெற்ற கலைஞர் கடன் தொல்லையோடுதான் செத்தார் என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. மேடையில் சாவது மட்டும் கலைஞனின் பெருமையாக இருக்கக் கூடாது. மேடையால் வாழ்வதும் அவன் உரிமையாக வேண்டும்.

கலைத் தொழிலாளித் தோழர்களுக்கு

மேடைக் கலைஞர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். மறுப்பை மனதில் வைத்துக்கொண்டு புழுங்காதீர்கள், நோட்டில் எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதம், யார் பேசினார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்று குறித்து வையுங்கள். ஒரு வருஷத்து நோட்டைப் புரட்டினால் தெரியும்: பத்து மறுப்பில் எத்தனை மழையால் வந்தது, எத்தனை கூலியால் வந்தது, எத்தனை உங்கள் ஆட்டத்தால் வந்தது என்று. குரல் கெட்டிருந்தால் குரலைத் திருத்துங்கள். கூலியால் வந்த மறுப்புக்குக் குரலைத் திருத்திப் பயனில்லை. மறுத்த ஊரை மறந்துவிடவும் வேண்டாம். கமிட்டி மாறும், மழை பெய்யும். அடுத்த தையில் மறுபடியும் போய்க் கேளுங்கள்.

இரண்டாவது: வாய்ப்பேச்சை நம்பி வண்டி ஏறாதீர்கள். அச்சாரம் வாங்குங்கள். தேதி, நேரம், கூலி, பஸ் சார்ஜ், சாப்பாடு, தங்குமிடம், நாடகம் நின்றுபோனால் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கமிட்டியின் கையெழுத்தை வாங்குங்கள். கைபேசியில் செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் அத்தாட்சிதான். எழுத வெட்கப்படுகிறவன் விடிந்த பிறகு பாக்கிக்காக நிற்க வெட்கப்பட வேண்டியிருக்கும்.

மூன்றாவது: ஒரே வாசலில் நிற்காதீர்கள். கோவில் கொடை ஒரு வாசல். வானொலி நிலையம் இன்னொரு வாசல். அங்கே குரல் தேர்வு வைத்துத் தரம் பிரித்து, தரத்துக்கேற்பக் கூலி தருகிறார்கள். ஒரு தடவை தேறாவிட்டால் மறுபடியும் எழுதிப் போடலாம். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை, இயல் இசை நாடக மன்றம், தஞ்சாவூரில் 1986-ல் ஏற்பட்ட தென்னகப் பண்பாட்டு மையம் ஆகியவை விழாக்களுக்குக் கலைஞர்களை அழைக்கின்றன. சுகாதாரம், கல்வி முதலிய சர்க்கார் பிரசாரங்களுக்கும் கலைக்குழுக்கள் தேவைப்படுகின்றன. இந்த வாசல்கள் ஏன் பலருக்குத் தெரியவில்லை? தெரிந்தவர் நாலு பேர் தங்களுக்குள் வைத்துக்கொள்வதால்தான். சங்கத்தின் சுவரில் ஒட்டினால் எல்லோருக்கும் தெரியும். 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இன்னும் பதியாதவர்கள் உடனே பதியுங்கள். உதவித் தொகை சிறியதுதான். ஆனால் பெயர் பதியாதவன் கணக்கில் வராதவன். கணக்கில் வராதவனுக்காக எந்தச் சர்க்காரும் பதில் சொல்லாது.

நான்காவது: இன்று நாடகம் முழுவதையும் படம் பிடித்து யூடியூபில் போட்டு விளம்பரக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பாடியவனுக்கு அதில் ஒரு பைசா உண்டா? 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் கலைஞர்களுக்கும் உரிமை சேர்க்கப்பட்டது. 2012-ல் அது வலுவாக்கப்பட்டது. கலைஞனின் சம்மதமில்லாமல் அவன் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வியாபாரம் செய்யக் கூடாது. ஆகவே படம் பிடிப்பதற்கு என்ன கூலி என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றுக்கும் ஆணிவேர்: இதற்குக் கீழே எவரும் வருவதில்லை என்று ஒரு அடிக்கூலியைச் சேர்ந்து தீர்மானியுங்கள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி முதலிய ஊர்களில் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. அடையாள அட்டைக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் சங்கம் என்றிருந்தால் போதாது. கூலி பேசும் சங்கமாக அது வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் நடிகர்கள் ஒரு காலத்தில் வாரக்கணக்கில் கூலியில்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். உடுப்பும் பலர் சொந்தச் செலவில்தான். 1919 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். நாடகக் கொட்டகைகள் இருண்டன. ஒரே மாதத்தில் முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். இங்கேயும் எம்.பி.சீனிவாசன் போன்ற இசையமைப்பாளர் சென்னையில் சினிமா வாத்தியக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டிக் காட்டினார். நாள் கூலிக்கு வாசிக்கிறவர்களையும் ஒன்றாக நிறுத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

வரி கொடுக்கும் நமக்கு

பஞ்சாலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இந்த விஷயத்தில் நமக்கு ஒரு விசேஷப் பொறுப்பு உண்டு. மில்லில் கூலி தருகிறவர் முதலாளி. காட்டில் கூலி தருகிறவர் நிலக்காரர். பங்குனி ராத்திரியில் கூலி தருகிறவர் யார்? தலைக்கட்டு வரி கொடுக்கும் நாம்தான்! வருஷத்தில் ஒரு ராத்திரி நம் கைக்குக் கூலி கொடுக்கும் அதிகாரம் வருகிறது. அந்த ஒரு ராத்திரியில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதைத்தான் கலைஞன் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே கமிட்டியில் எழுந்து பேசுங்கள். பேசிய கூலியை மேடை ஏறுமுன் பாதியும், வேஷம் கலைக்குமுன் மீதியும் கொடுக்கச் சொல்லுங்கள். "கூட்டம் குறைந்தது" என்று சொல்லி விடிந்த பிறகு பிடித்தம் செய்வதை அனுமதிக்காதீர்கள். மில்லில் நூல் விற்கவில்லை என்று உங்கள் கூலியைப் பிடித்தால் சும்மா இருப்பீர்களா? நடிகைகளுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு அறையும், கழிப்பிடமும், விடிந்ததும் பத்திரமாகப் பஸ் ஏற்றிவிட ஆளும் ஏற்பாடு செய்யுங்கள். மேடையில் நிற்கும் பெண்ணிடம் குடித்துவிட்டு வம்பு செய்கிறவனை ஊர்ப் பையன் என்று பார்க்காமல் வெளியேற்றுங்கள். "அந்த ஜாதிக்காரர் வேண்டாம்" என்ற குரல் கமிட்டியில் எழுந்தால், தாஸின் பக்கத்தில் ஜானகியம்மாள் நின்றதைப் போல அங்கேயே எதிர்த்து நில்லுங்கள்.

இந்த நியாயம் கோவில் திடலோடு நிற்பதல்ல. தொழிற்சங்க ஆண்டு விழாவுக்கும், கட்சிக் கூட்டத்துக்கும், மே தின மேடைக்கும் அது பொருந்தும். கூலி உயர்வுக் கோரிக்கையைப் பாட்டாகப் பாட வருகிறவனுக்குக் கூலி கிடையாது என்றால் அந்தப் பாட்டை யார் நம்புவார்கள்? சுவரில் எழுதுகிறவருக்கும், தப்படிக்கிறவருக்கும், பாடுகிறவருக்கும் சங்கக் கணக்கில் ஒரு வரி இருக்க வேண்டும்.

சர்க்காரிடம் ஒரு கோரிக்கை

கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் நிவாரணம் வழங்கப்படுகிறது. தொழில் இல்லாத காலத்திலும் வயிறு இருக்கிறது என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். அப்படியானால் புரட்டாசி முதல் மார்கழி வரை மேடை இல்லாத கலைஞனின் வயிறு என்ன ஆயிற்று?

இது நடக்காத காரியமல்ல. பிரான்ஸ் தேசத்தில் நிரந்தர வேலையில்லாத மேடைக் கலைஞர்களுக்கென்று தனி வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. ஒரு வருஷத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு அவர்களுக்கு உதவித் தொகை உண்டு. 1936-ல் சினிமாத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது அது. பிறகு மேடைக் கலைஞர்களுக்கும் விரிந்தது. அதை வெட்ட முதலாளிகள் முயன்றபோதெல்லாம் கலைஞர்கள் வீதியில் இறங்கினார்கள். 2003-ல் கோடைக்கால நாடக விழாக்களையே நிறுத்திக் காட்டினார்கள்.

நம் கோரிக்கை எளிமையானது. வாரியத்தில் பதிந்த கலைஞர்களுக்கு மேடை இல்லாத மாதங்களுக்கு நிவாரணம் கொடு. சர்க்கார் விழாக்களில் ஆடுகிறவருக்குக் கூலியை அன்றைக்கே கொடு. அழைப்பு எந்த முறையில் போகிறது என்பதைப் பட்டியலிட்டு ஊரறிய வெளியிடு. மாவட்டத் தலைநகரத்தோடு நிற்காமல் திருச்சுழி போன்ற வறண்ட தாலுகாக்களிலும் கலை விழா நடத்து; அங்கே அந்த மண்ணின் கலைஞர்களை முதலில் அழை.

கலைஞத் தோழனே! ஒரு ஊர் உன்னை வேண்டாம் என்றால் அது உன் கலைக்கு எழுதிய தீர்ப்பல்ல. தனியாகக் கேட்டால் அது மறுப்பு; சேர்ந்து கேட்டால் அது பேச்சுவார்த்தை. உழைப்பாளித் தோழனே! உனக்கு ஷிப்டு முடிந்த பிறகுதான் அவனுக்கு ஷிப்டு தொடங்குகிறது. இந்தப் பங்குனியில் உங்கள் ஊர்க் கமிட்டி கூடும்போது பின்வரிசையில் உட்காராதே. முன்னால் வா. "நாடகக்காரர் கூலி எவ்வளவு? எப்போது கொடுக்கிறீர்கள்? எழுதியாயிற்றா?" என்ற மூன்று கேள்விகளைக் கேள்.

கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு, அப்புறம் துண்டை விரித்து நாடகம் பார்க்க உட்கார்.